ஸ்பொன்சர் கைவிட்டால் வீசா என்னாகும்?

வாசகர் கேள்வி – பதில்

கலியாணம் கட்டி வெளிநாடு போன பிள்ளையின் குடும்பம் அங்கே முறிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக் கொழும்பிலிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிக் கேள்விகளைச் சுருக்கித் தருகிறோம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. லண்டனுக்குச் சொன்னதைக் கனடாவில் செய்து பார்த்துக் கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குரிய நாட்டின் பதிலைத் தேடி வாசியுங்கள்.

கேள்வி: மகளுக்குக் கலியாணமாகி ஒன்றரை வருடம். லண்டனில் ஸ்பவுஸ் வீசாவில் இருக்கிறாள். மருமகன் கை நீட்டுகிறார், செலவுக்குக் காசு கொடுப்பதில்லை, கடவுச்சீட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். போன கிழமை, "உன்ர வீசாவை நான் வெட்டிப்போட்டன், இனி பொலிஸ் வந்து ஏத்தும்" என்றாராம். இது உண்மையா? அவளை இங்கே கூப்பிடுவதா, அங்கேயே இருக்கச் சொல்வதா?
– தாய், வெள்ளவத்தை

பதில்: உண்மையில்லை அம்மா. கணவனால் வீசாவை வெட்ட முடியாது. "நாங்கள் இப்போது சேர்ந்து வாழவில்லை" என்று அவர் ஹோம் ஒஃபிசுக்கு (பிரித்தானிய உள்துறை அமைச்சு) எழுதலாம், அவ்வளவுதான். முடிவு எடுப்பது ஹோம் ஒஃபிஸ், அந்த முடிவு எழுத்தில் வரும். வழக்கமாக எஞ்சியிருக்கும் வீசாக் காலத்தைக் குறைத்து 60 நாள் கொடுப்பார்கள். எஞ்சியது அதைவிடக் குறைவாக இருந்தால் வீசா முடியும் நாள்தான் கணக்கு. அந்த நாட்களிலும் உங்கள் மகள் சட்டப்படிதான் அங்கே இருக்கிறாள். அதற்குள் பொருத்தமான வேறொரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை அவளுடைய உரிமை தொடரும். போடாமல் தங்கினால்தான் சிக்கல். 30 நாளுக்கு மேல் கடந்து, பிறகு தானாகவே தன் செலவில் வெளியேறினாலும், திரும்ப வீசா கேட்க 12 மாதத் தடை வரும்.

அவளுக்கு உண்மையான ஆபத்து அந்தக் கடிதம் எங்கே போய்ச் சேரும் என்பதில் இருக்கிறது. பிரித்தானியாவில் இப்போது வீசா அட்டை கிடையாது, எல்லாம் இணையக் கணக்கில் உள்ள ஈ-வீசா. புதிதாகப் போன பெண்ணுக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுப்பது பெரும்பாலும் கணவன்தான். அவருடைய மின்னஞ்சலையும் அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருப்பார். கணக்குக்குள் நுழையும்போது வரும் ஆறு இலக்கக் குறியீடும் அவருடைய போனுக்கே போகும். ஹோம் ஒஃபிசின் கடிதமும் அதே மின்னஞ்சலுக்குப் போய், அவர் சொல்லாமல் விட்டால், மகளுக்குத் தெரியாமலே 60 நாளும் ஓடிவிடும். ஆகவே இன்றைக்கே அவள் கணவனுக்குத் தெரியாத கடவுச்சொல்லுடன் ஒரு புதிய மின்னஞ்சல் திறக்க வேண்டும். தன் பெயரில் ஒரு சிம் எடுத்து, வீசாக் கணக்கில் இரண்டையும் மாற்ற வேண்டும். உள்ளே நுழையவே முடியாவிட்டால் கணக்கை மீட்கும் படிவம் அரசாங்க இணையத்தளத்திலேயே இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேறினால் முகவரியையும் மாற்ற வேண்டும்.

இனி அடி உதை விடயம். ஸ்பவுஸ் வீசாவில் இருப்பவரின் குடும்பம் வன்முறையால் முறிந்தால், 5 வருடம் காத்திராமல் நேரடியாக நிரந்தர வதிவிடம் கேட்கலாம். ஆங்கிலப் பரீட்சை, வருமானக் கணக்கு எதுவும் இந்த விண்ணப்பத்துக்குத் தேவையில்லை. கட்டணம் 3,000 பவுணுக்கு மேல். கையில் காசில்லாதவர் கட்டண விலக்குக் கேட்கலாம். 'வன்முறை' என்பது அடி மட்டும் இல்லை. காசைத் தடுப்பது, போனைப் பார்ப்பது, வெளியே விடாமல் வைப்பது, கடவுச்சீட்டைப் பறிப்பது, வீசாவைச் சொல்லி மிரட்டுவது எல்லாம் அங்கே சட்டப்படி குடும்ப வன்முறைதான். 2021ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. நீங்கள் எழுதியதில் மூன்று நான்கு ஏற்கெனவே இருக்கின்றன.

வீட்டை விட்டு வந்தால் எதைச் சாப்பிடுவது, எங்கே படுப்பது என்ற பயத்தில்தான் பலர் அடி வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஸ்பவுஸ் வீசாவில் அரச உதவிப் பணம் எடுக்க முடியாது என்பது சரி. ஆனால் வன்முறைக்கு ஆளாகிக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பவருக்கு ஒரு சலுகை உண்டு. அதற்கு விண்ணப்பித்தால் 3 மாத அனுமதி கிடைக்கும், உதவிப் பணமும் தங்குமிடமும் கேட்கலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சலுகை கிடைத்தவுடன் பழைய ஸ்பவுஸ் வீசா போய்விடும், இந்த 3 மாதம்தான் கையில் இருக்கும். அதற்குள் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தைப் போட்டே ஆக வேண்டும். பெண்கள் தங்குமிடத்தில் இடம் கிடைத்த நிம்மதியில் இதை மறந்து சட்டவிரோதமாகிப் போவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. ஆகவே சலுகைக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே அடுத்த விண்ணப்பத்துக்குச் சட்டத்தரணியைப் பிடிக்க வேண்டும். வருமானம் குறைந்தவருக்கு இந்த விடயத்தில் அரச சட்ட உதவி உண்டு.

சாட்சி எப்படிச் சேர்ப்பது? குடும்ப வைத்தியரிடம் போய்க் காயத்தைக் காட்டி, யார் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். "படியில் விழுந்தேன்" என்று சொன்னால் மருத்துவப் பதிவில் அதுதான் இருக்கும், ஒரு வருடத்துக்குப் பிறகு அதுவே எதிராக நிற்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்குக் காசில்லை. கணவனையோ மாமியையோ மொழிபெயர்க்க விடக்கூடாது. பொலிஸில் சொன்னால் ஒரு முறைப்பாட்டு இலக்கம் தருவார்கள், அதைக் குறித்து வைக்க வேண்டும். வழக்குப் போட்டுத் தண்டனை கிடைத்திருக்க வேண்டும் என்பதில்லை. வட்ஸ்அப்பில், வைபரில் வந்த மிரட்டல்களைத் திகதியும் இலக்கமும் தெரியும்படி படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவள் உங்களுக்கு அந்தந்த நேரத்தில் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள். பிறகு எழுதி வாங்கும் கடிதங்களைவிட அன்றைக்கே அனுப்பிய ஒரு வரிச் செய்திக்குப் பெறுமதி கூட.

உடனடி ஆபத்தென்றால் 999. பேச முடியாத நிலையில் கைத்தொலைபேசியிலிருந்து அழைத்து, கேட்கும்போது 55 ஐ அழுத்தினால் பொலிஸுக்கு இணைப்பார்கள். குடும்ப வன்முறைக்கான 24 மணி நேர இலவச இலக்கம் 0808 2000 247. கடவுச்சீட்டைத் தராவிட்டால் அதையும் பொலிஸில் சொல்லி, லண்டனில் உள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் புதியதற்கு விண்ணப்பிக்கலாம்.

கூப்பிடுவதா விடுவதா என்று கேட்டீர்கள். முதலில் பாதுகாப்பான இடம், டிக்கட் பிறகு. அங்கே இருந்துகொண்டு விண்ணப்பிப்பது இங்கே வந்து விண்ணப்பிப்பதைவிட இலகு. வைத்தியரும் பொலிஸும் சாட்சியும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அவள் வீட்டுக்கு வர விரும்பினால் வரட்டும், அது தோல்வியில்லை. தயவு செய்து "கொஞ்சம் பொறுத்துப் போ, ஊர் என்ன சொல்லும்" என்று மட்டும் போனில் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை அடி விழுந்தால் உங்களுக்குச் சொல்லமாட்டாள்.

இன்னொன்று. "அசைலம் அடித்துவிடலாம்", "அடித்ததாக ஒரு கதை எழுதலாம்" என்று சொல்லும் முகவர்கள் வருவார்கள். வன்முறை நடக்காத வீட்டில் நடந்ததாக எழுதினால், திகதிகளை ஒத்துப் பார்க்கும்போது பிடிபடும். அந்தப் பொய் பிறகு கேட்கும் ஒவ்வொரு வீசாவிலும் தொடர்ந்து வரும். வன்முறை இல்லாமல் மனம் ஒத்துப்போகாமல் பிரிந்தவருக்கு நேரான வழிகள் வேறு. தகுதியும் சம்பளமும் பொருந்தினால் வேலை வீசாவுக்கு அங்கிருந்தே மாறலாம். பிரித்தானியப் பிரஜையான பிள்ளை இருந்து, அதை வளர்ப்பதில் பங்கிருந்தால், பெற்றோர் என்ற அடிப்படையில் கேட்கலாம். இரண்டும் பொருந்தாவிட்டால் 60 நாளுக்குள் ஒழுங்காகத் திரும்புவது நல்லது. பின்னொரு நாள் படிக்கவோ வேலைக்கோ போக வழி திறந்திருக்கும்.

கேள்வி: தங்கச்சியின் கலியாணத்துக்கென்று கணவர் என்னைக் கொழும்புக்குக் கூட்டி வந்தார். இரண்டு கிழமை கழித்து என் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு தான் மட்டும் லண்டன் போய்விட்டார். "இனி வர வேண்டாம்" என்று வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். என் வீசா இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. டிக்கட் போட்டுப் போகலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: டிக்கட்டுக்கு அவசரப்படாதீர்கள். அவர் ஏற்கெனவே ஹோம் ஒஃபிசுக்கு எழுதி, வீசா இரத்தாகியிருந்தால், கட்டுநாயக்காவிலேயே விமானத்தில் ஏற்றமாட்டார்கள். முதலில் உங்கள் ஈ-வீசாக் கணக்கில் நிலை என்ன என்று பாருங்கள்.

உங்களுக்கு நடந்ததற்குச் சட்டத்தில் இடமுண்டு. மனைவியை ஊருக்குக் கூட்டி வந்து, திரும்ப முடியாமல் விட்டுவிட்டுப் போவதைப் பிரித்தானியா குடும்ப வன்முறையின் ஒரு வடிவமாக ஏற்கிறது. 2024 ஜனவரி 31 முதல், இப்படிக் கைவிடப்பட்டவர் வெளிநாட்டில் இருந்தபடியே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கடைசியாக உங்களிடம் இருந்தது ஸ்பவுஸ் வீசாவாக இருக்க வேண்டும், குடும்பம் முறிந்ததற்கு வன்முறையே காரணமாக இருக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில், கைரேகையும் படமும் கொழும்பில் உள்ள வீசா விண்ணப்ப நிலையத்தில்.

செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறோம், ஏனென்றால் வரிசை மாறினால் நாள் வீணாகும். முதலில் உங்கள் பகுதிப் பொலிஸில் முறைப்பாடு. "கடவுச்சீட்டுத் தொலைந்துவிட்டது" என்று எழுதுவிக்க வேண்டாம். எழுதுபவர் சுருக்கமாக முடிக்க அப்படித்தான் எழுதப் பார்ப்பார். "கணவர் இந்தத் திகதியில் எடுத்துச் சென்றார், திருப்பித் தர மறுக்கிறார்" என்று நடந்தபடி பதியச் சொல்லுங்கள். முறைப்பாட்டை வாசித்துப் பார்த்து, சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசிப்பித்துக் கேட்டு, அதன் பிறகே கையொப்பமிடுங்கள். இதன் பிரதி கைவிடப்பட்டதற்கு முதல் சாட்சியாகவும் இருக்கும், பத்தரமுல்லையில் புதிய கடவுச்சீட்டு எடுக்கவும் உதவும். புதிய இலக்கம் கிடைத்தவுடன் அதை ஈ-வீசாக் கணக்கில் சேருங்கள். பழைய இலக்கத்தோடு விட்டால் விமான நிறுவனத்தின் திரையில் உங்கள் வீசா தெரியாது.

பிறகு சாட்சிகள். இருவருக்கும் போட்ட போய்வரும் டிக்கட், உங்கள் திரும்பும் டிக்கட் இரத்தான அறிவித்தல், அவர் எழுதிய செய்தி, லண்டன் வாழ்க்கையில் நடந்தவற்றைத் திகதியோடு சொல்லும் சத்தியக் கடதாசி. தமிழில், சிங்களத்தில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெற வேண்டும்.

இங்கேயும் உங்களுக்கு உரிமைகள் உண்டு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம். பிரித்தானியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் தாபரிப்புக் கட்டளைகளைச் செயற்படுத்தப் பழைய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் கட்டளை இல்லாமல் அதைத் தொடங்கவே முடியாது. அவருடைய வீட்டார் வந்து மிரட்டினால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்க முடியுமா என்று பாருங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938.

கேள்வி: கனடாவுக்கு மகளை ஸ்பொன்சர் செய்த மாப்பிள்ளை, "ஸ்பொன்சரை வாபஸ் வாங்குவேன்" என்கிறார். அவள் போய் 8 மாதமாகிறது, பீஆர் (நிரந்தர வதிவிட) கார்டும் கிடைத்துவிட்டது. வேலைக்கும் போகிறாள்.
– தந்தை, வத்தளை

பதில்: பீஆர் கிடைத்துவிட்டதென்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்றொரு நிபந்தனை முன்பு இருந்தது. 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். இன்னும் அந்தப் பழைய விதியைச் சொல்லியே பெண்களை மிரட்டுகிறார்கள். உண்மையில் கட்டுண்டிருப்பவர் அவர்தான். மகளுக்குப் பீஆர் கிடைத்த நாளிலிருந்து 3 வருடத்துக்கு அவளுடைய அடிப்படைச் செலவுக்குப் பொறுப்பேற்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பிரிந்தாலும் விவாகரத்தானாலும் அது முடியாது. அவள் அரச உதவி எடுத்தால் அந்தப் பணத்தை அவரிடம் கேட்பார்கள்.

பீஆர் கிடைக்க முன்னர் என்றால் கதை வேறு. அந்தக் கட்டத்தில் ஸ்பொன்சர் எப்போதும் வாபஸ் வாங்கலாம், விண்ணப்பம் அத்தோடு முடியும். இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. வீசா வந்த பிறகு, விமானம் ஏறுமுன் குடும்பம் முறிந்துவிடுகிறது. "எதற்கும் போய் இறங்கு, பிறகு பார்ப்போம்" என்று வீட்டார் அனுப்பிவிடுகிறார்கள். முறிந்ததை மறைத்துப் பீஆர் எடுப்பது பொய்த் தகவல். பிறகு தெரியவந்தால் பீஆரும் போய், 5 வருடத் தடையும் வரும். கலியாணமே வீசாவுக்காகச் செய்தது என்று அவர் முறைப்பாடு கொடுத்தாலும் விசாரிப்பார்கள். ஆகவே உங்கள் மகள் சேர்ந்து வாழ்ந்ததற்கான தாள்களை, வீட்டு ஒப்பந்தம், இருவர் பெயரில் வந்த பில்கள், வங்கிக் கணக்கு, படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

பீஆர் இல்லாமல் கனடாவுக்குள் இருந்து, கணவனின் வன்முறைக்கு ஆளானவருக்கு 2019 முதல் கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி இருக்கிறது. குறைந்தது 6 மாதம், வேலை அனுமதியும் கேட்கலாம். பின்னால் மறுமணம் செய்து இன்னொருவரைக் கூப்பிட நினைத்தால், ஸ்பொன்சரில் போனவருக்குப் பீஆர் கிடைத்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். சம்பந்தம் பேசும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சுவிஸில் மூன்று வருடம் முடிந்தால் தனியாக இருக்கலாம் என்கிறார்கள். கலியாணம் எழுதி மூன்றரை வருடம். சுவிஸுக்குப் போய் இரண்டு வருடம்.
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: கொழும்பில் கலியாணம் எழுதிய நாளிலிருந்து கணக்கில்லை. சுவிஸில் சேர்ந்து வாழ்ந்த காலம்தான் கணக்கு. மூன்று வருடத்தோடு மொழி, வேலை போன்ற ஒருங்கிணைவையும் பார்ப்பார்கள். வன்முறை போன்ற பாரிய காரணம் இருந்தால் மூன்று வருடம் முடியாமலும் கேட்கலாம். ஜேர்மனியிலும் இதே மாதிரி மூன்று வருடம், கொடுமைக்கு விலக்கு. வகுப்புக்குப் போய் மொழிச் சான்றிதழ் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஆண்களுக்கு இதெல்லாம் பொருந்தாதா? அவுஸ்திரேலியப் பிரஜையான பெண்ணைக் கட்டி 309 வீசாவில் மெல்பேணுக்குப் போன என் தம்பியை மனைவி வீட்டை விட்டுத் துரத்திவிட்டார். அவனுடைய சம்பளம் முழுவதையும் மாமனார் வாங்கி வைத்திருந்தார். வெட்கத்தில் யாருக்கும் சொல்லாமல் நண்பனின் அறையில் படுத்திருக்கிறான்.
– தெஹிவளை வாசகர்

பதில்: முழுக்கப் பொருந்தும். 309 தற்காலிகத் துணைவர் வீசா, அதன்பின் வரும் 100 நிரந்தரம். இடையில் உறவு முறிந்தால் நிரந்தரம் பொதுவாகக் கிடைக்காது. ஆனால் குடும்ப வன்முறை, இருவருக்கும் பிறந்த பிள்ளை, துணைவரின் மரணம் ஆகிய காரணங்களில் விலக்கு உண்டு. சட்டம் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. சம்பளத்தைப் பறித்து வைப்பதும் வன்முறைக்குள் வரலாம்.

தம்பி செய்ய வேண்டிய முதல் வேலை, நிலைமை மாறியதைத் தானே குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிப்பது. மனைவி முதலில் எழுதி, இவர் மௌனமாக இருந்தால், விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்கு நாள் குறித்திருப்பார்கள். அந்த நாள் தவறினால் பதில் இல்லாமலே முடிவெடுப்பார்கள். வன்முறையைக் காட்ட நீதிமன்றக் கட்டளை இருந்தால் பலம். இல்லாவிட்டால் தன் சத்தியக் கூற்றோடு வைத்தியர், உளவளத்துணையாளர், பொலிஸ் போன்றோரின் ஆவணங்களைச் சேர்க்கலாம். அவர் வைத்தியரிடம் போகவே இல்லையென்றால் ஆவணமும் இராது. இந்தக் கிழமையே போகச் சொல்லுங்கள். சம்பளம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற வங்கித் தாள்களும் வேண்டும். குடும்ப வன்முறை உதவிக்கான 1800 737 732 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளரோடு பேசலாம். ஆண் என்பதால் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

கேள்வி: 4 வயது மகனோடு லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தேன். மகன் பிரித்தானியப் பிரஜை. இனித் திரும்பிப் போக மனமில்லை. அம்மாவோடு இங்கேயே இருந்துவிடலாமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: உங்கள் மனம் விளங்குகிறது. ஆனால் நீங்கள் மட்டும் எடுக்கக்கூடிய முடிவில்லை இது. பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் சமவாயத்தில் இலங்கையும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே வந்தது. தகப்பன் அங்கிருந்து விண்ணப்பித்தால் நீதி அமைச்சு ஊடாகக் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்கு வழக்கு வரும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளை வழமையாக வாழ்ந்த நாடு எது, தகப்பனின் சம்மதம் இருந்ததா என்பதைத்தான் அந்த நீதிமன்றம் முதலில் பார்க்கும். நல்ல தாயா, நல்ல தகப்பனா என்று அங்கே தீர்ப்பதில்லை. அதை லண்டன் நீதிமன்றம் பார்க்கட்டும் என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கட்டளையிடலாம். திரும்பினால் பிள்ளைக்குப் பாரிய ஆபத்து என்று நிரூபித்தால் விலக்கு உண்டு, ஆனால் அதற்குப் பலமான சாட்சி வேண்டும்.

இதில் வீசாவும் சேர்ந்தே மாட்டும். உங்கள் வீசாவைக் காலாவதியாக விட்டு, பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கட்டளை வந்தால், கூடப் போக உங்களுக்கு வழி இராது. ஆகவே தங்குவதானால் தகப்பனின் எழுத்துச் சம்மதத்தைப் பெறுங்கள். கிடைக்காவிட்டால், திரும்பிப் போய்ப் பெற்றோர் என்ற அடிப்படையில் அங்கே இருக்கும் வழியையும், பிள்ளையோடு நாடு மாற நீதிமன்ற அனுமதி கேட்கும் வழியையும் ஒரு சட்டத்தரணியோடு பேசுங்கள். இனிப் பயணம் செய்பவர்கள், திரும்பும் திகதி குறித்த சம்மதக் கடிதம் இல்லாமல் பிள்ளையோடு ஏறாதீர்கள்.

கேள்வி: கணவர் லண்டனில் விவாகரத்துக்குப் போட்டிருக்கிறார். தாள்கள் மின்னஞ்சலில் வந்தன. "கையொப்பம் வைக்காவிட்டால் விவாகரத்து நடக்காது" என்கிறார் மாமா. இங்கே 7 வருடம் பிரிந்திருந்தால் தானாக முடிந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். எனக்குச் சீதனமாகத் தந்த கோண்டாவில் வீட்டை விற்கவும் அவருடைய கையெழுத்து வேண்டுமாம்.
– கொழும்பு 13 வாசகி

பதில்: மாமா சொன்னதும் 7 வருடக் கதையும் பிழை. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 முதல் குற்றம் காட்டாமலே விவாகரத்துக் கேட்கலாம். நீங்கள் விரும்பவில்லை என்பது மட்டும் தடையாகாது. கலியாணமாகி ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும். விண்ணப்பித்து 20 கிழமைக்குப் பிறகு முதற் கட்டளை, அதன்பின் 6 கிழமையும் ஒரு நாளும் கழிந்தால் இறுதிக் கட்டளை கேட்கலாம். தாள் உங்களுக்குக் கிடைத்தது என்று நீதிமன்றம் திருப்திப்பட்டால், நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் வழக்கு நகரும். ஆகவே குறித்த நாளுக்குள் பதில் அனுப்பி, பணம், சொத்து விடயத்தில் உங்கள் கோரிக்கை இருப்பதைச் சட்டத்தரணி மூலம் பதியுங்கள். அதைச் செய்யாமல் மறுமணம் செய்தால், கேட்கும் உரிமையில் பெரும்பகுதி போய்விடும்.

இலங்கையில் பொதுச் சட்டத்தின்படி பதிந்த கலியாணத்துக்குக் காரணங்கள் மூன்றுதான்: கலியாணத்துக்குப் பிந்திய பிறர் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டமை, கலியாண நேரத்தில் இருந்த தீராத ஆண்மைக் குறைவு. 7 வருடம் பிரிந்திருந்தால் மட்டும் போதாது, குற்றமும் காட்ட வேண்டும் என்று 1986இல் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். முதலில் வருவது தற்காலிகத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்து அது முற்றாக்கப்பட்ட பிறகே மறுமணம். தற்காலிகத் தீர்ப்போடு கலியாண எழுத்துக்கு நாள் வைத்துவிட்டுப் பதிவாளர் மறுத்துவிட்டார் என்று அழுபவர்கள் இருக்கிறார்கள். லண்டன் கட்டளையை இங்கே பயன்படுத்த நினைத்தால், வெளிநாட்டுத் தீர்ப்புகளை அங்கீகரிப்பதற்கு 2024இல் வந்த சட்டத்தின் கீழ் அதைப் பதிவது பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

வீட்டு விடயத்தில் அவர்கள் சொன்னது சரி. நீங்கள் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம்) உட்பட்டவர் என்றால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டப்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்கப்படுகிறது. கொழும்பில் வசித்தாலும் அதே சட்டம்தான். ஆனால் கைவிட்டுப் போன கணவன் காரணமில்லாமல் மறுத்தால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். சட்டத்தின் இன்றைய நிலையை நொத்தாரிசிடம் உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள். லண்டன் போகும்போது அவருக்கோ அவருடைய தகப்பனுக்கோ அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருந்தால், வீட்டுக்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும். உடனே எழுத்தில் இரத்துச் செய்து, இரத்துச் செய்ததையும் பதியுங்கள்.

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் லண்டன் பயணம். நல்ல பையன்தான். இருந்தாலும் எதைக் கொடுத்துவிடுவது?
– தாய், கொட்டாஞ்சேனை

பதில்: நகைக்குச் செலவழிக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கும் ஒதுக்குங்கள். வீசாக் கணக்கை மகளே, தன் மின்னஞ்சலிலும் தன் இலக்கத்திலும் திறக்கட்டும். மாப்பிள்ளை அனுப்பிய ஸ்பொன்சர் தாள்கள் உட்பட விண்ணப்பம் முழுவதற்கும் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். கடவுச்சீட்டின் படமும் வீசா முடியும் திகதியும் உங்களிடம் இருக்க வேண்டும். போனவுடன் தன் பெயரில் வங்கிக் கணக்கு, தன் பெயரில் குடும்ப வைத்தியர் பதிவு. நகைகளைப் படம் பிடித்து, பற்றுச்சீட்டோடு வையுங்கள். கலியாணப் பதிவுச் சான்றிதழின் உறுதிப்படுத்திய ஆங்கிலப் பிரதிகள் இரண்டு மூன்றைப் பிரதேச செயலகத்தில் இப்போதே எடுங்கள். பத்தரமுல்லையில் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி, ஒன்றை அவளிடமும் மற்றதை உங்களிடமும் வையுங்கள்.